கண்ணாடிச் சக்கரத்தில் கார் ஓடுமா?

மாலை ஐந்து மணி. சுங்கை பீசி நெடுஞ்சாலையில் மழை கொட்டுகிறது. முன்னே போகும் லோரியின் சக்கரங்கள் வாரி இறைக்கும் தண்ணீரில் பாதை சரியாகத் தெரியவில்லை. ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் திரும்புவதற்காக நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள். காரின் வேகம் குறைகிறது, பத்திரமாகத் திரும்புகிறீர்கள்.

அந்த நேரத்தில் காரைச் சாலையோடு பிடித்து வைத்திருந்தது எது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து உங்கள் கார் 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 325 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 33 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. 325ஐ 2.3 ஆல் வகுத்தால் 140 சதுர சென்டிமீட்டர் வருகிறது. உங்கள் உள்ளங்கையின் அளவுதான். நான்கு உள்ளங்கை அளவு ரப்பரை நம்பித்தான் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறோம்.

இப்போது கேள்விக்கு வருவோம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சக்கரங்கள், உள்ளே விளக்கெரிந்து நிறம் நிறமாக ஒளிரும் டயர்கள் போன்ற படங்கள் கைப்பேசியில் அடிக்கடி வலம் வருகின்றன. "இப்படி ஒன்றை உண்மையில் செய்ய முடியுமா? செய்தால் சாலையில் ஓட்ட முடியுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்வதற்கு முன், நாம் எவரும் கேட்காத வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது?

ரப்பர் பிறவியிலேயே கறுப்பல்ல

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். மரத்தில் வெட்டி எடுக்கும் பால் வெள்ளை. அதில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கி, புகைவீட்டில் உலர்த்தினால் தேன் நிறத்துக்கு வரும். அந்தத் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் மறுபக்க ஒளி உள்ளே கசிந்து வருவது தெரியும். ரப்பர் தகடுகளைத் தரம் பிரித்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே குமிழி இருக்கிறதா, மரப்பட்டைத் தூசு இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்கினார்கள். ரப்பர் ஒளிகசியும் பொருள் என்பது அவர்கள் அன்றாடம் கைகளில் பிடித்துப் பார்த்த உண்மை.

தொடக்க காலத்து டயர்களும் கறுப்பாக இருக்கவில்லை. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியபின் வந்த டயர்கள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தன. ரப்பரில் கலந்த துத்தநாக ஆக்சைடு போன்ற வெண்பொடிகள் அதற்கு ஒரு காரணம். மிச்செலின் நிறுவனத்தின் சின்னமான குண்டு மனிதனை டயர்க் கடைகளில் பார்த்திருப்பீர்கள். டயர்களை அடுக்கிச் செய்த உருவம் அது. டயர் கறுப்பாக இருக்க, அவர் மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறார்? அவர் பிறந்தது 1898இல். அப்போது டயர்களின் நிறம் வெளிர்நிறம்தான்.

வடை சுற்றிய காகிதம் சொல்லும் பாடம்

ஒரு பொருளுக்குள் ஒளி புகுமா, புகாதா என்பதை எது முடிவு செய்கிறது? இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். சூடான வடையைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளிகசியும் தன்மை பெற்றுவிடும். அந்த இடத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வரும்.

காகிதம் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நார்களுக்கிடையே காற்று இருக்கிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்கும் அளவுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு அது ஏறக்குறைய 1. காகித நாருக்குச் சுமார் 1.5. இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருப்பதால், ஒவ்வொரு நாரின் ஓரத்திலும் ஒளி திசை மாறிச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் வெண்மையாகத் தெரிகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47. அது காற்றை வெளியேற்றிவிட்டு நார்களுக்கிடையே அமர்ந்ததும் வேறுபாடு மிகவும் குறைந்துவிடுகிறது. ஒளி அதிகம் சிதறாமல் கடந்து போகிறது.

இதிலிருந்து இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, கலவைப் பொருள் ஒளியை விட வேண்டுமானால் அதன் பாகங்களின் ஒளிவிலகல் எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். அல்லது கலந்த துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்க வேண்டும். மற்றொன்று, எந்தப் பாகமும் ஒளியை விழுங்கக் கூடாது. இயற்கை ரப்பரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52. துத்தநாக ஆக்சைடுக்குச் சுமார் 2. ஆகவே அதைக் கலந்தால் ரப்பர் வெளுக்கிறது. ஆனால் ஒளியை விழுங்கும் பொருள் ஒன்றைக் கலந்தால், முதல் விதியைக் கவனித்தும் பயனில்லை. டயருக்கு நடந்தது அதுதான்.

கறுப்பு வந்த கதை

1904ஆம் ஆண்டு, லண்டன் சில்வர்டவுனில் இருந்த ஒரு ரப்பர் ஆலையில் எஸ். சி. மோட் என்பவர், கரிப்புகைத் தூளை ரப்பரில் கலந்தால் அதன் உறுதி கூடுகிறது என்று கண்டறிந்தார். எண்ணெயையோ எரிவாயுவையோ அரைகுறையாக எரித்தால் படியும் மிக நுண்ணிய கரி அது. ஆங்கிலப் பெயரிலேயே கார்பன் பிளாக் என்று தொழிலில் சொல்கிறார்கள். அடுத்த பத்தாண்டுகளில் டயர் ஆலைகள் இதைப் பின்பற்றத் தொடங்கின. அன்று கறுத்த டயர் இன்றுவரை வெளுக்கவில்லை.

கார்பன் பிளாக்கின் அடிப்படைத் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒரே எடைக்கு அவற்றின் மொத்தப் பரப்பு மிக அதிகம். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அந்தப் பரப்பில் இறுகப் பற்றிக்கொள்கின்றன. டயரில் பெரிதும் பயன்படும் ஸ்டைரீன் பியூட்டடையீன் செயற்கை ரப்பரை எதுவும் கலக்காமல் இழுத்தால் எளிதில் அறுந்துவிடும். தக்க அளவு கார்பன் பிளாக் சேர்த்தால் அதன் இழுவலிமை ஏறக்குறைய பத்து மடங்காகிறது. இயற்கை ரப்பர் இழுக்கும்போது தானாகவே படிகமாகி வலுப்பெறும் குணமுடையது. என்றாலும் சாலையில் தேய்ந்து போகாமல் நிலைக்க அதற்கும் கரி தேவை.

கரி செய்யும் வேலை அதோடு நிற்கவில்லை. நம் நாட்டு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை அது விழுங்கிக்கொள்கிறது. அந்தக் கதிர் ரப்பரின் சங்கிலிகளை அறுக்காமல் காக்கிறது. டயருக்குள் பிறக்கும் வெப்பத்தை வெளியே கடத்த உதவுகிறது. ஓடும் காரில் சேரும் நிலைமின்னேற்றத்தைத் தரைக்கு இறக்குகிறது. ஒரு சாதாரணக் கார் டயரின் எடையில் கார்பன் பிளாக், சிலிக்கா போன்ற நிரப்பிகள் மட்டும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

ஆக, கறுப்பு என்பது அழகுக்காகப் பூசிய நிறமல்ல. டயரைக் கண்ணாடியாக்க நினைப்பவர் கரியை வெளியே எடுக்க வேண்டும். கரியை எடுத்தால் அது செய்த நான்கு வேலைகளையும் வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

1939இல் அமெரிக்காவின் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஒரு பொன்டியாக் காரை நிறுத்தினார்கள். அதன் உடல் முழுவதும் பிளெக்ஸிகிளாஸ் என்னும் தெளிவான பிளாஸ்டிக். கதவுக்குள் இருக்கும் கம்பிகளும் சட்டங்களும் வெளியே தெரிந்தன. மக்கள் அதை ஆவிக் கார் என்றே அழைத்தார்கள். ஆனால் அதன் டயர்கள்? வெள்ளை ரப்பர். காரின் உடலையே கண்ணாடிபோல் செய்யத் துணிந்தவர்களும் சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

1961: ஒளிர்ந்த டயர்

விடாமல் முயன்றவர்களும் உண்டு. நம் ஷா ஆலாமில் 1972 முதல் 2024 வரை ஆலை நடத்திய குட்இயர் நிறுவனம், அமெரிக்காவில் 1961இல் ஒளிகசியும் டயரை உலகுக்குக் காட்டியது. அதில் வழக்கமான ரப்பர் இல்லை. நியோத்தேன் என்று பெயரிட்ட ஒரு வகைப் பாலியூரித்தேன். வேதியியலாளர் ஆந்தனி ஃபினெல்லியும் வில்லியம் லார்சனும் இந்த முயற்சியில் முன்னின்றார்கள். கரி சேர்க்காமலே வலுவாக இருக்கும் பொருள் பாலியூரித்தேன். சாயம் கலந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வேண்டிய நிறம் தரும். சக்கரத்தின் வளையத்தில் 18 சிறு விளக்குகளைப் பொருத்தினார்கள். இரவில் டயர் முழுவதும் உள்ளிருந்து ஒளிர்ந்தது.

பத்திரிகைகளில் படங்கள் வந்தன. கூட்டம் கூடியது. இரவில் பக்கவாட்டிலிருந்து வரும் ஓட்டுநருக்குக் கார் தெளிவாகத் தெரியும் என்பது போன்ற பயன்களும் பேசப்பட்டன. அழகி ஒருத்தி அந்த வெளிச்சத்தில் காலுறையைச் சரி செய்துகொள்வது போன்ற விளம்பரப் படம்கூட எடுத்தார்கள். கோல்டன் சஹாரா என்னும் கண்காட்சிக் காரிலும் இவ்வகை டயர்களைப் பொருத்தினார்கள். நீண்ட காலம் மறைந்து கிடந்த அந்தக் கார் புதுப்பிக்கப்பட்டு, குட்இயர் புதிதாகச் செய்து தந்த ஒளிரும் டயர்களோடு 2019இல் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் மீண்டும் நின்றது.

ஆகவே, "செய்ய முடியுமா?" என்ற கேள்விக்குப் பதில்: முடியும், அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். அப்படியானால் ஏன் ஒரு கடையிலும் அது விற்பனைக்கு வரவில்லை? மூன்று காரணங்கள். விலை அதிகம். ஈரச் சாலையில் பிடி போதவில்லை. கடுமையாகப் பிரேக் பிடித்தால் டயர் உருகத் தொடங்கியது. இந்த மூன்றில் கடைசி இரண்டும் நம் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கு மழையும் உண்டு, வெயிலும் உண்டு.

ஒரு நொடியில் 16 முறை

டயர் ஏன் சூடாகிறது? ஒரு ரப்பர் பட்டையை வேகமாக இழுத்து உடனே உதட்டில் வைத்துப் பாருங்கள். லேசாகச் சுடும். அதைத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டால், இழுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைக்காது. ஒரு பகுதி வெப்பமாகத் தங்கிவிடும்.

டயரிலும் இதுவே நடக்கிறது. மைவி போன்ற சிறு காரில் பொருத்தும் 185/55 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.83 மீட்டர். 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 30.5 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் சக்கரம் நொடிக்கு 16 முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையில் பட்டு நசுங்கி, மறுபடி விரிகிறது. ஈப்போவுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 60,000 முறை. கீழே வெயிலில் காய்ந்த தார்ச்சாலை வேறு.

சாதாரண ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும்போது அதன் சங்கிலிகளுக்கிடையே நிரந்தரமான வேதிப் பாலங்கள் உருவாகின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறை இது. பின்னாளில் டயர் நிறுவனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பாலங்கள் இருப்பதால் டயர் சூடேறினாலும் உருகி ஓடாது. பாலியூரித்தேனின் வலிமையோ பெரும்பாலும் அதிலுள்ள கடினமான சிறு திட்டுகள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிப்பிடித்திருப்பதால் வருவது. வெப்பம் ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. மெதுவாக உருளும் சக்கரத்தில் இது தெரியவே தெரியாது. வேகமாக ஓடி, திடீரென்று பிரேக் பிடிக்கும் சக்கரத்தில் உயிருக்கே ஆபத்து.

டயருக்குள் என்னென்ன இருக்கின்றன?

ரப்பரை மட்டும் தெளிவாக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய ரேடியல் டயரை வெட்டிப் பார்த்தால், தரைபடும் பகுதிக்குக் கீழே மெல்லிய எஃகு இழைகளால் நெய்த பட்டைகள் இருக்கும். அவற்றின் அடியில் பாலியெஸ்டர் நூல் அடுக்கு. வளையத்தோடு பொருந்தும் விளிம்பில் கனமான எஃகுக் கம்பிக் கட்டு. எல்லாவற்றுக்கும் உள்ளே காற்று கசியாமல் காக்கும் பியூட்டைல் வகை ரப்பர். எஃகு ஒளியை விடாது. ஒளியை விட வேண்டுமென்று எஃகை நீக்கினால், வேகமாகச் சுற்றும்போது டயர் தன் உருவத்தைக் காக்க முடியாது.

டயர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் பாதுகாப்பு வேதிப்பொருள்கள் வேறு இருக்கின்றன. அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து ரப்பரைக் காக்கின்றன. அப்போது பழுப்பாக மாறுகின்றன. கறுப்பு டயரில் அந்தப் பழுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெளிவான டயரில் சில மாதங்களிலேயே பழைய தேநீர்க் கறைபோலத் தெரியும்.

வளையத்தைக் கண்ணாடியாக்கலாமா?

"சரி, டயரை விடுங்கள். உள்ளே இருக்கும் உலோக வளையத்தையாவது தெளிவான பிளாஸ்டிக்கில் செய்யலாமே?" என்று கேட்கலாம். தெளிவான பிளாஸ்டிக்குகளில் உறுதியானது பாலிகார்பனேட். தலைக்கவசத்தின் முகமூடிக்கும் காரின் முன்விளக்கு மூடிக்கும் அதுவே பயன்படுகிறது. அடி தாங்கும், எளிதில் நொறுங்காது.

ஆனால் விறைப்பில் அது அலுமினியத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அலுமினியத்தின் விறைப்பு எண் சுமார் 70 கிகாபாஸ்கல். பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 2.4. அதாவது ஒரே அளவு வளையத்தில் ஏறக்குறைய 29 மடங்கு அதிகமாக வளையும். அதைவிடப் பெரிய தொல்லை வெப்பம். பாலிகார்பனேட் 150 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். அக்ரிலிக் 105 டிகிரி அளவிலேயே இளகும். வளையத்துக்கு உள்ளேயே இருக்கும் பிரேக் தட்டோ, மலைப்பாதையில் இறங்கும்போது சில நூறு டிகிரிவரை சூடேறக்கூடியது. கெந்திங் மலையிலிருந்து கண்ணாடி வளையத்தோடு இறங்கும் காரை நினைத்துப் பாருங்கள். போல்ட்டுகளை இறுக்கிய இடங்களில் நாளடைவில் நுண்ணிய வெடிப்புகளும் விழும்.

கரிக்கு மாற்று உண்டா?

அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. கரியின் இடத்துக்கு ஒரு போட்டியாளர் வந்திருக்கிறார்: சிலிக்கா. மணலில் இருப்பதும் சிலிக்காதான். ஆனால் டயருக்குப் பயன்படுவது மிக நுண்ணிய செயற்கைப் பொடி. 1992இல் மிச்செலின் சிலிக்கா கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளும்போது வெப்பம் குறைவு, எரிபொருள் மிச்சம், ஈரச் சாலையில் பிடியும் நன்று.

இப்போது வடைக் காகிதத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இந்தச் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46. ரப்பருக்கு 1.52. வேறுபாடு மிகச் சிறிது. துகள்களும் மிகச் சிறியவை. ஒளியை விழுங்குவதும் இல்லை. எனவே சிலிக்கா சேர்த்த ரப்பர், நன்றாகக் கலந்தால், ஒளிகசியும் தன்மையோடு இருக்க முடியும். பூப்பந்துக் காலணியின் அடிப்பகுதி தேன் நிறத்தில் ஒளிகசிவதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் கறுப்புக் கோடு விழக்கூடாது என்பதற்காகக் கரி இல்லாமல் செய்த ரப்பர் அது.

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் பல்லாண்டுகள் ஆய்வு நடத்தியது. இன்று அந்தப் பணி மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் தொடர்கிறது. அதன் ஆய்வாளர்கள், இயற்கை ரப்பரின் சங்கிலியில் ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்து எப்பாக்சி ரப்பர் என்னும் புது வகையை வளர்த்தெடுத்தார்கள். எக்கோபிரேனா என்ற பெயரில் அது வருகிறது. சாதாரண ரப்பரும் சிலிக்காவும் எளிதில் ஒட்டாதவை. அவற்றைச் சேர்த்து வைக்க இடையில் ஓர் இணைப்பு வேதிப்பொருள் வேண்டும். எப்பாக்சி ரப்பரோ சிலிக்காவைத் தானே பற்றிக்கொள்கிறது. நம் தோட்டத்துப் பாலிலிருந்து, ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயர் செய்ய இது வழிகாட்டுகிறது.

ஆனாலும் சிலிக்கா டயர்கள் கறுப்பாகத்தானே கடைக்கு வருகின்றன? ஆம். அவற்றிலும் கரி சேர்க்கிறார்கள். வெயிலிலிருந்து காக்க ஒருவர் வேண்டுமே. சிலிக்கா மின்சாரத்தையும் கடத்தாது. அதனால் பல சிலிக்கா டயர்களின் தரைபடும் பகுதியில், நிலைமின்னேற்றம் இறங்குவதற்கென்றே கரி மிகுந்த ரப்பரில் ஒரு மெல்லிய கீற்றை ஊடே விடுகிறார்கள். கரியைத் துரத்தினாலும் அது பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது.

உள்ளே பார்க்க வேறு வழிகள்

தெளிவான டயர் எதற்கு வேண்டும்? வெறும் பகட்டுக்கு என்றால் பேச்சு முடிந்தது. ஆனால், "உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்பதற்காக என்றால் அது நியாயமான ஆசை. பொறியாளர்களுக்கும் அந்த ஆசை உண்டு. அவர்கள் வேறு வழி கண்டார்கள். டயரைக் கண்ணாடியாக்குவதற்குப் பதில் சாலையைக் கண்ணாடியாக்கினார்கள்.

சோதனைத் தடத்தில் தடித்த கண்ணாடித் தகட்டைத் தரையோடு தரையாகப் பதித்து, அதன்மேல் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி, கீழே குழியில் அதிவேகக் கேமராவை வைக்கிறார்கள். மேலே கார் ஓடிப்போகும்போது, டயரின் பள்ளங்கள் தண்ணீரை எப்படி ஒதுக்குகின்றன, எவ்வளவு ரப்பர் உண்மையில் தரையைத் தொடுகிறது என்பதெல்லாம் அப்படியே பதிவாகிறது. வேகம் கூடக் கூட அந்த உள்ளங்கை சுருங்குவதை அந்தப் படங்களில் காணலாம்.

டயருக்குள் இருக்கும் எஃகு இழைகளைப் பார்க்க ஆலைகளில் எக்ஸ்ரே பயன்படுத்துகிறார்கள். மருத்துவமனையில் எலும்பைப் பார்ப்பதுபோலத்தான்.

இன்னொரு வகையில் "ஊடுருவிப் பார்க்கக்கூடிய" சக்கரமும் சாலைக்கு வந்துவிட்டது. மிச்செலின் 2019இல் அறிமுகப்படுத்திய அப்டிஸ் சக்கரத்தில் காற்றே இல்லை. கண்ணாடியிழை சேர்த்த பிசினால் ஆன வளைந்த தகடுகள் பாரத்தைத் தாங்குகின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும். 2023இல் பக்கத்து ஊரான சிங்கப்பூரில் டிஎச்எல் நிறுவனத்தின் பொட்டல வேன்கள் இதைப் பூட்டிக்கொண்டு ஓடின. கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: அதிலும் தரையைத் தொடும் ரப்பர் கறுப்புதான்.

அப்படியானால் தீர்ப்பு என்ன?

தெளிவான சக்கரங்கள் இப்போதே உங்களைச் சுற்றி இருக்கின்றன. சறுக்குப் பலகையிலும் உருளைக் காலணியிலும் பாலியூரித்தேன் சக்கரங்கள் பளிங்குபோல் மின்னுகின்றன. தள்ளுவண்டிகளிலும் அவை உண்டு. பாரமும் வேகமும் குறைவாக உள்ள இடங்களில் அவை சிறப்பாகவே உழைக்கின்றன. கண்காட்சியில் மெல்ல உருளும் காருக்கும் செய்யலாம். ஆனால் 110 கிலோமீட்டர் வேகத்தில், மழையில், குடும்பத்தைச் சுமந்து ஓடும் காருக்கு இன்று முடியாது. நாளை முடியுமா? முழு அளவில் தெளிவான டயர் வேண்டுமென்றால் கரி, எஃகு, பாதுகாப்பு வேதிப்பொருள் ஆகிய மூன்றுக்கும் ஒளியை மறைக்காத மாற்று வேண்டும். இயற்கையின் விதி எதுவும் அதைத் தடுக்கவில்லை. மூன்றையும் மாற்றி, பிடியும் ஆயுளும் குறையாமல் கட்டுப்படியான விலைக்குக் கொடுப்பதுதான் கடினம். இதைப் படிக்கும் மாணவர் ஒருவருக்கு வேதியியலோ பொருளறிவியலோ பிடித்திருந்தால், இது வாழ்நாள் வேலையாகவே காத்திருக்கிறது.

அதுவரை உங்கள் டயர் உள்ளே எப்படி இருக்கிறது என்பதை அது தானாகக் காட்டப் போவதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும்.

பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். தரைபடும் பகுதியின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். சுற்றியுள்ள ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். அதற்குமேல் ஓட்டக் கூடாது.

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டயர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தால் வயது குறைந்துவிடாது. பக்கவாட்டில் வீக்கமோ வெடிப்போ தெரிந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கலாம். உடனே பட்டறையில் காட்டுங்கள்.

காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். விமானச் சக்கரங்களை ஆராய்ந்து அமெரிக்காவின் நாசா தந்த ஒரு தோராய விதி இருக்கிறது. பிஎஸ்ஐ அளவின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். 33 பிஎஸ்ஐக்கு அது 96 கிலோமீட்டர் அளவில் வருகிறது. காற்று இறங்கி 20 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் 75 கிலோமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது என்றாலும், காற்றுக் குறைந்த டயரோடு மழையில் வேகமாகப் போவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

அன்று தோட்டத்தில் ரப்பர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள் உள்ளே குறை இருக்கிறதா என்று தேடினார்கள். நம் கையில் இருக்கும் ரப்பரில் வெளிச்சம் புகாது. ஆனாலும் குனிந்து பார்த்தால் அது நிறையவே சொல்லும்.